ஒரு மாதிரியா இருக்கு

ஜூன் 3, செவ்வாய்

இன்று காலை 11.20க்கு என் கிளினிக்கில் ஒருவர் மயங்கி விழுந்தார். விழுந்தார் என்பது சரியில்லை. நாற்காலியில் இருந்தபடியே கண் செருகினார். பெயர் இன்னாசி பர்னாந்து, வயது 61, தூத்துக்குடித் துறைமுகத்தில் இழுவைப்படகு ஓட்டி ஓய்வு பெற்றவர். வாசலை அடைக்கும் உடம்பு. கடைவாய்ப்பல் ஒன்றைப் பிடுங்க வந்தார். மரப்பு ஊசியைக் கையில் எடுத்தேன்; வாயருகே கொண்டுபோகக்கூட இல்லை. "டாக்டர், ஒரு மாதிரியா இருக்கு" என்றார். தலை சாய்ந்துவிட்டது.

நான் என்ன செய்தேன் என்று எழுத வேண்டும். ஒன்றும் செய்யவில்லை. வலது கையில் ஊசியும் இடது கையில் வாய்க்கண்ணாடியுமாக நின்றேன். உதவியாளர் ஜெசிந்தாதான் நாற்காலியைத் தாழ்த்தினாள், அந்தப் பெரிய கால்கள் இரண்டையும் தூக்கித் தன் தோளில் வைத்துக்கொண்டாள், "அண்ணே, இங்க பாருங்க, அண்ணே" என்று கூப்பிட்டாள். என்னைப் பார்த்து "டாக்டர், ஆக்சிஜன்!" என்றாள். சிலிண்டர் மூலையில் பதினோரு வருடமாக நிற்கிறது. அதைத் திறக்கும் சாவி எங்கே என்று எனக்குத் தெரியவில்லை. நான் முதல் இழுப்பறையைத் திறப்பதற்குள் அவர் கண் விழித்துவிட்டார்.

"பல்ல எடுத்தாச்சா?" என்று கேட்டார்.

"இல்ல அண்ணே. நீங்கதான் எங்கள விட்டுப் போகப் பாத்தீங்க" என்றாள் ஜெசிந்தா.

இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிப் போய்விட்டார். வரமாட்டார் என்று நினைக்கிறேன்.

ஜூன் 4, புதன்

சாவி கிடைத்தது. பழைய நாட்காட்டிகளுக்கு அடியில் ஓர் உறைக்குள் இருந்தது. உறையின் மேல் என் கையெழுத்தில் "பத்திரம்" என்று எழுதியிருக்கிறது.

நான் எவ்வளவு நேரம் நின்றேன் என்று ஜெசிந்தாவிடம் கேட்டேன். "கொஞ்ச நேரந்தான் டாக்டர்" என்றாள். என் கணிப்பில் நாற்பது வினாடி. நேற்று வந்தது வெறும் பயத்தில் வந்த மயக்கம். காலைத் தூக்கினால் தெளிந்துவிடும். நாளை ஒருவருக்கு இதயம் நின்றால்? மருந்து ஒத்துக்கொள்ளாமல் தொண்டை அடைத்தால்? நாற்பது வினாடி நிற்பவன் நான்கு நிமிடமும் நிற்பான்.

எனக்கு நானே ஒரு மாதம் கொடுத்துக்கொள்கிறேன். இம்மாதம் முடிவதற்குள் கிளினிக்கும் நானும் ஓர் அவசரத்துக்குத் தயாராக வேண்டும். முடியாவிட்டால் பெயர்ப்பலகையை இறக்கிவிடுவேன். எழுபது வயதில் இறக்கினால் யாரும் காரணம் கேட்கமாட்டார்கள்.

உலகம்மாள், "ஏன் சோத்தை அளைஞ்சுக்கிட்டு இருக்கீங்க?" என்றாள். "ஒன்றுமில்லை" என்றேன். நாற்பத்து நான்கு வருடத்தில் என் மனைவியிடம் அதிகம் சொன்ன சொல் அதுவாகத்தான் இருக்கும்.

ஜூன் 6, வெள்ளி

அவசர மருந்துப் பெட்டியைத் திறந்து பட்டியல் எடுத்தேன். அட்ரினலின் இரண்டு குப்பி, காலாவதி 2016. ஆஸ்துமாக்காரர்களுக்கான இன்ஹேலர், உள்ளே காற்று மட்டும். ஒரு பொட்டலம் குளுக்கோஸ், எறும்புகள் முடித்துவிட்டன. சுகர் பார்க்கும் மிஷினில் பேட்டரி கசிந்திருந்தது. இந்தப் பெட்டியின் மூடியில் சிவப்புச் சிலுவைக் குறியை நானே அளவெடுத்து வரைந்திருக்கிறேன். கோடு நேராகத்தான் இருக்கிறது.

வியாழன், சனி மாலைகளில் இங்கே நோயாளிகளைப் பார்க்கும் பல் மருத்துவர் ரஹ்மத் நிஷாவிடம் போனில் கேட்டு, என்னென்ன வேண்டும் என்று குறித்துக்கொண்டேன். "இவ்வளவு நாள் கேக்கணும்னு நெனைச்சேன் சார், நீங்க தப்பா எடுத்துக்குவீங்களோன்னு விட்டுட்டேன்" என்றார். நான் தப்பாக எடுத்துக்கொள்கிற ஆள் என்று இதுவரை எனக்குத் தெரியாது.

ஜூன் 9, திங்கள்

மருந்துகள் வந்தன. புதிய பிரஷர் கருவி, புதிய சுகர் மிஷின், குளுக்கோஸ், விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவு பார்க்கும் கருவி, மெல்லுகிற ஆஸ்பிரின், நெஞ்சு வலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை. எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு நானே தூக்கி வந்தேன். கிளினிக் பாத்திரக்கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது, இருபத்திரண்டு படி. பதினேழாவது படியில் இடது கீழ்த்தாடையில் ஒரு வலி. முதல் கடைவாய்ப்பல் பக்கம். பாரம் தூக்கும்போது பல்லைக் கடித்திருப்பேன். மேலே வந்து உட்கார்ந்ததும் போய்விட்டது.

குப்பிகளில் காலாவதித் தேதியைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினேன். சிலிண்டர் சாவியை ஆணியடித்துச் சுவரில் தொங்கவிட்டேன்.

ஜூன் 12, வியாழன்

நான்கு நாள் உழைத்து ஓர் அட்டை எழுதி முடித்தேன். எந்த அறிகுறிக்கு என்ன செய்வது என்று. "மார்பில் இறுக்கம், இடது தோள், கை அல்லது கீழ்த்தாடைக்குப் பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத்திணறல்" என்று தொடங்கி ஆறு பிரிவு. சுவரில் ஒட்டினேன். ஜெசிந்தா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தேவாலயத்து அறிவிப்பைப் படிப்பதுபோல் முழுவதும் படித்தாள்.

"நல்லா இருக்கு டாக்டர். ஆனா இதை யாரு வந்து சொல்லுவா?"

"எதை?"

"'எனக்கு மார்பில் இறுக்கம், குளிர்ந்த வியர்வை'ன்னு. இருபத்தாறு வருசமா இந்த நாக்காலி பக்கத்துல நிக்கேன். ஒருத்தர் இப்பிடிச் சொல்லிக் கேட்டதில்ல."

"வேறு எப்படிச் சொல்வார்கள்?"

விரல் மடக்கிச் சொன்னாள். கண்ணைக் கட்டுது. காதை அடைக்குது. கிறுகிறுன்னு வருது. நெஞ்சைக் கரிக்குது. வாயுவா இருக்கும். "எல்லாத்துக்கும் முந்தி, 'ஒரு மாதிரியா இருக்கு'ம்பாவ. அதுதான் டாக்டர் மொத மணி. அது கேட்டா நான் கையில இருக்கறதக் கீழ வச்சிருவேன்."

நாற்பத்து மூன்று வருடம் இதே சொல்லைக் கேட்டு, "எப்படி இருக்கிறது என்று தெளிவாகச் சொல்லுங்கள்" என்று நோயாளிகளைத் திருத்திக்கொண்டிருந்திருக்கிறேன்.

"இன்னொண்ணும் உண்டு. வேர்த்துக்கிட்டே 'ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல'ன்னு ரெண்டு தடவ சொல்லுதாவ பாருங்க, அவங்களத்தான் விடக் கூடாது."

அட்டையைக் கழற்றினேன். புதிதாக எழுதியதில் முதல் வரி: "ஒரு மாதிரியா இருக்கு என்று யார் சொன்னாலும் எல்லாரும் வேலையை நிறுத்த வேண்டும்." இந்த வாசகத்தை மேற்கோள் குறிக்குள் போடுவதா வேண்டாமா என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். போடவில்லை.

மாலை படியில் அதே பல் வலி. பதினைந்தாவது படி.

ஜூன் 14, சனி

108க்கு என்ன பேசுவது என்று ஒரு தாளில் எழுதி வீட்டில் ஒத்திகை பார்த்தேன். உலகம்மாள் தொலைபேசி நிலையத்தில் இருபத்தெட்டு வருடம் ஆபரேட்டராக இருந்தவள். ஊறுகாய் பாட்டிலைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"'வணக்கம். நான் பல் மருத்துவர் குற்றாலலிங்கம் பேசுகிறேன். என்னுடைய கிளினிக்கில் சற்று முன்பு ஒரு நோயாளிக்கு...'"

"லைன் கட்டாயிட்டு" என்றாள்.

"என்ன?"

"நீங்க வணக்கம் சொல்லி முடிக்கதுக்குள்ள லைன் போயிட்டு. இப்ப அவங்களுக்கு என்ன தெரியும்? ஒரு மரியாதைக்காரர் எங்கேயோ இருக்காருன்னு தெரியும். மொதல்ல எடத்தச் சொல்லுங்க. ரெண்டாவது, என்ன நடந்துச்சுன்னு. மூணாவது, உங்க நம்பர். பேரு கடைசி. பேரு இல்லாட்டியும் வண்டி வரும்."

எதிரில் உட்கார்ந்து அவளே ஆபரேட்டராக நடித்தாள். அந்தப் பழைய குரல் அப்படியே வந்தது. தட்டையான, அவசரமில்லாத குரல். பெண் பார்க்கப் போவதற்கு முன்பே அந்தக் குரலை வெளியூருக்கு டிரங்க் கால் போடும்போது நான் கேட்டிருக்கிறேன். இதை அவளிடம் எப்போதாவது சொன்னேனா என்று நினைவில்லை.

ஐந்தாவது முறை, "இப்ப வண்டி அனுப்பலாம்" என்றாள்.

ஜூன் 17, செவ்வாய்

படி, பன்னிரண்டு. பல். நின்றேன், போய்விட்டது. நோயாளிகள் ஒன்பது பேர்.

ஜூன் 20, வெள்ளி

முதல் சோதனை. நான் தேர்ந்தேனா என்று தெரியவில்லை, ஆனால் நிற்கவில்லை.

காலை பத்தே முக்காலுக்கு ஒரு அம்மா, ஐம்பத்தைந்து இருக்கும், பல் சுத்தம் செய்ய வந்திருந்தார். பாதியில் கையை உயர்த்தி, "சாரே, ஒரு மாதிரியா வருது" என்றார். ஜெசிந்தாவின் கை நின்றது. என் கையும் நின்றது, ஆனால் இம்முறை வேறு விதமாக. நெற்றி வேர்த்திருந்தது, விரல் நடுங்கியது. "காலையில என்ன சாப்பிட்டீங்க?" என்றேன். வெள்ளிக்கிழமை விரதமாம். சர்க்கரை மாத்திரை மட்டும் போட்டுக்கொண்டாராம். "மாத்திரைய விடக் கூடாதுன்னுல்லா சொல்லிருக்காவ."

சுகர் மிஷினில் 52 காட்டியது. குளுக்கோஸைக் கரைத்து நீட்டினேன். வாயை இறுக மூடிக்கொண்டார். முருகனுக்கு நேர்ந்த விரதம், ஆறாவது வாரம்.

"குடிங்கம்மா" என்றாள் ஜெசிந்தா. "முருகன்கிட்ட நான் சொல்லிக்கிடுதேன்."

அந்த நிலையிலும் அந்த அம்மா ஜெசிந்தாவின் கழுத்திலிருந்த சிலுவையைப் பார்த்தார். "நீ சொன்னாக் கேப்பாரா?"

"கேப்பாரு. எங்க மாதா கோயிலுக்கும் அவரு கோயிலுக்கும் நடுவுல ஒரு ரோடுதானே."

சிரித்துக்கொண்டே குடித்தார். கால் மணி நேரத்தில் 96. கீழேயிருந்து இட்லி வாங்கிக் கொடுத்து அனுப்பினோம். பல் பாதி சுத்தமாக இருக்கிறது. அடுத்த வாரம் சாப்பிட்டுவிட்டு வருவார்.

"வெள்ளிக்கிழமை வருகிறவர்களிடம் முதலில் விரதமா என்று கேட்க வேண்டும்" என்று அட்டையில் சேர்த்தேன். எந்தப் பாடப்புத்தகத்திலும் இந்த வரி இல்லை.

ஜூன் 21, சனி

ஸ்டூலில் உட்கார்ந்தபடியே டாக்டர் நிஷாவிடம் என் பல்லைக் காட்டினேன். எக்ஸ்ரே எடுத்தார், தட்டிப் பார்த்தார், பனிக்கட்டி வைத்துப் பார்த்தார்.

"பல்லு கிண்ணுன்னு இருக்கு சார். எப்ப வலிக்குது?"

"படி ஏறும்போது."

"சாப்பிடும்போது?"

"இல்லை."

எக்ஸ்ரேயைக் கீழே வைத்தார். "வேற டாக்டரை ஒருதடவ பாத்துருங்க சார்" என்றார்.

வேர் சிகிச்சை நிபுணரைச் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்கிறேன். எக்ஸ்ரேயை வீட்டுக்குக் கொண்டுவந்து விளக்கில் பிடித்துப் பார்த்தேன். பின்பக்க வேரில் ஒரு மெல்லிய கோடு தெரிவதுபோல இருக்கிறது. நிஷா அதைக் கவனிக்கவில்லை போலும். தயாரிப்பு வேலை முடியட்டும், ஜூலையில் போகலாம்.

ஜூன் 24, செவ்வாய்

ஒருவரை மாடியிலிருந்து கீழே கொண்டுபோவது எப்படி? படியின் திருப்பத்தில் ஸ்டிரெச்சர் திரும்பாது. டேப் வைத்து அளந்தேன். பாத்திரக்கடை செல்வினைக் கூப்பிட்டு யோசனை கேட்டேன். வரவேற்பறையிலிருந்த பிளாஸ்டிக் நாற்காலியைக் காட்டினார். "கல்யாண வீட்டுல தாத்தாமாரத் தூக்குவோம்லா, அது மாதிரி." அதில் ஜெசிந்தாவை உட்காரவைத்து, செல்வினும் பக்கத்துக் கடைக்காரர் ஒருவரும் தூக்கி இறக்கினார்கள். ஜெசிந்தா கண்ணை மூடிக்கொண்டு ஜெபமாலை சொன்னாள். ஒன்றே முக்கால் நிமிடம்.

"நீங்களும் ஒருதடவ ஏறிப் பாருங்க டாக்டர்" என்றார் செல்வின். கூச்சமாக இருந்தது, மறுத்துவிட்டேன்.

ஜூன் 26, வியாழன்

பல் கடிக்கும் பழக்கத்துக்கு எனக்கு நானே ஒரு ரப்பர் உறை செய்து மாட்டிக்கொண்டு படி ஏறினேன். வலி குறையவில்லை. அளவு சரியில்லை என்று நினைக்கிறேன்.

ஜூன் 28, சனி

கடைசி ஒத்திகை. நான் நோயாளி, மற்ற எல்லாம் ஜெசிந்தா. நிஷா ஓரத்தில் நின்று நேரம் பார்த்தார். நான் நாற்காலியில் உட்காராமல் அருகே ஸ்டூலில் உட்கார்ந்து சொன்னேன்: "எனக்கு மார்பில் இறுக்கமாக உள்ளது. வலி இடது கைக்கும் தாடைக்கும் பரவுகிறது."

நிஷா சிரிக்கவில்லை. என் முகத்தையே பார்த்தார். ஜெசிந்தா பிரஷர், நாடி, ஆக்சிஜன் அளவு எல்லாம் பார்த்து, ஆஸ்பிரினுக்குப் பதில் ஒரு புளிப்பு மிட்டாய் கொடுத்து, போனில் இடத்தை முதலில் சொல்லி, நான்கு நிமிடத்தில் முடித்தாள்.

கிளம்பும்போது நிஷா, "சார், அந்தத் தாடை வலிக்கு யாரையாச்சும் பாத்தீங்களா?" என்று கேட்டார். பல்தானே, பார்த்துக்கொள்ளலாம் என்றேன். நாற்பத்து மூன்று வருடம் பல் பார்த்தவனுக்குப் பல் வலி தெரியாதா?

பலகையை இறக்க வேண்டியதில்லை என்று தோன்றுகிறது.

ஜூலை 1, செவ்வாய்

இன்னாசி பர்னாந்து போன் செய்தார். பதினொரு மணிக்கு வருகிறாராம். சாப்பிட்டுவிட்டு வரச் சொன்னேன். படியில் மூன்று முறை நின்று ஏறினேன். பல் இன்று கொஞ்சம் அதிகம்தான். மழை வரும்போல் புழுக்கம், வேர்க்கிறது. மீதியை மாலையில்.

ஜூலை 2, புதன்

நான் உலகம்மாள். அவர் எழுத முடியாது, அதனால் எழுதுகிறேன். நாள் விட்டுப்போனால் அவருக்குப் பிடிக்காது.

அவர் இருக்கிறார். நெஞ்சில் அடைப்பு. நேற்று ஸ்டென்ட் வைத்தார்கள். இன்று காலையில் காபி கேட்டார், கொடுக்கவில்லை.

இதய டாக்டர், "இதற்கு முன் வலி ஏதாவது வந்ததா?" என்று அவரிடம் கேட்டாராம். இல்லை என்றாராம். எனக்கு நம்பிக்கையில்லை. வீட்டுக்கு வந்து இந்த நோட்டை எடுத்துப் போய் டாக்டரிடம் கொடுத்தேன். அவர் ஜூன் மாதக் குறிப்புகள் முழுவதையும் படித்துவிட்டு, "இவ்வளவு தெளிவான ஹிஸ்டரியை நான் பார்த்ததே இல்லையம்மா" என்றார்.

ஏழு இடத்தில் இருக்கிறது. எண்ணிப் பார்த்தேன். எந்தப் படி என்றுகூட எழுதியிருக்கிறார். என்னிடம் ஒரு தடவை சொல்லவில்லை. ஊரில் யார் யாரோ பேசுவதற்கு இருபத்தெட்டு வருடம் லைன் போட்டுக் கொடுத்தேன். என் வீட்டு லைன் எனக்குக் கிடைக்கவில்லை.

டிரங்க் கால் விஷயத்தையும் படித்தேன். இல்லை, சொன்னதில்லை.

ஜூலை 8, செவ்வாய்

நேற்று வீட்டுக்கு வந்தேன். எழுத அனுமதி அரை மணி நேரம். உலகம்மாள் கடிகாரத்தை எதிரில் வைத்திருக்கிறாள்.

அன்று நடந்தது. இன்னாசிக்கு ஊசி போட்டேன். ஜெசிந்தா கையைப் பிடித்துக்கொண்டதால் அவர் மயங்கவில்லை. பிடுங்கும் குறடு வைத்துப் பல்லை அசைத்தேன், நன்றாக ஆடத் தொடங்கிவிட்டது. அப்போது தாடையில் வலி வந்தது. படி ஏறாமலே வந்தது. முதுகில் வேர்வை இறங்கியது. ஜெசிந்தா, "டாக்டர், என்ன?" என்றாள். "ஒன்றுமில்லை" என்றேன். கருவியைத் தட்டில் வைத்தேன். "ஒன்றுமில்லை" என்று இன்னொரு தரமும் சொன்னேனாம்.

அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுதத் தெரியவில்லை. அதற்கு என்னால் பொய் சொல்ல முடியவில்லை.

"ஒரு மாதிரியா இருக்கு ஜெசிந்தா" என்றேன்.

கையிலிருந்த எச்சில் உறிஞ்சும் குழாயைக் கீழே போட்டாள். அதற்குள் இன்னாசி தானே எழுந்து, என்னை அக்குளுக்கடியில் பிடித்து, அவருடைய சூடு இன்னும் ஆறாத அந்த நாற்காலியில் சாய்த்தார். "நீங்க இருங்க தாக்தர்" என்றார். உதடு மரத்திருந்ததால் டகரம் வரவில்லை.

பிரஷர் 150க்கு 90. ஆக்சிஜன் 96. நான் சிலிண்டரைப் பார்த்தேன். "தொண்ணூத்து நாலுக்குக் கீழ வந்தாத்தான்னு எழுதிருக்கீங்க" என்று சொல்லிவிட்டாள். நான் ஆணியடித்து மாட்டிய சாவி அசையாமல் தொங்கியது. "ஆஸ்பிரின் ஒத்துக்காம போனதுண்டா? வயித்துல புண்ணு?" என்று அட்டையில் இருந்தபடியே கேட்டாள். இல்லை என்றேன். "கடிச்சுத் தின்னுங்க." தின்றேன். புளிப்பு மிட்டாயைவிட மோசம். பிறகு நாக்குக்கு அடியில் ஒன்று. போனில் அவள் குரல் கேட்டது: முதலில் இடம், பிறகு விஷயம், பிறகு எண். என் பெயரை அவள் சொல்லவே இல்லை. சொல்வதற்குள் 108 வண்டி கிளம்பிவிட்டது.

பிளாஸ்டிக் நாற்காலியில் என்னை இறக்கினார்கள். முன்னால் செல்வின், பின்னால் இன்னாசி. கழுத்தில் நோயாளிக்குக் கட்டும் துணியும் வாயில் பஞ்சுமாக அவர் என் தலைக்கு மேல் மூச்சுவிட்டுக்கொண்டே வந்தார்.

இன்று காலை ஜெசிந்தா பழம் வாங்கிக்கொண்டு வந்திருந்தாள். "நான் நடிக்கிறேன் என்று உனக்கு ஒரு நிமிடம்கூடத் தோன்றவில்லையாம்மா?" என்று கேட்டேன்.

"தோணல டாக்டர். நடிக்கும்போது நீங்க அட்டை மாதிரி பேசுவீங்க. அன்னைக்கு மனுசரு மாதிரி பேசுனீங்க."

ஜெசிந்தா போன பிறகு உலகம்மாள் கஞ்சியை ஆற்றிக்கொண்டே கேட்டாள்.

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"நீ பதறுவியேன்னு."

"பதறுதது என் வேலங்க. அத நீங்க ஏன் எடுத்துக்கிடுதீங்க?"

கஞ்சி குடித்தேன். அரை மணி ஆகிவிட்டது.

ஜூலை 16, புதன்

இன்னாசி வந்தார். ஆடும் பல்லோடு மாலைவரை ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றாராம். செய்தி கேட்டு வந்த நிஷா அவரைக் கிளினிக்குக்கு அழைத்துப் போய் மிச்சத்தை முடித்தாராம். "எல்லாரும் டாக்டருகிட்டப் போயி பல்லக் குடுத்துட்டு வருவான். நான் டாக்டரையே தூக்கிட்டு வந்தேன்" என்று சிரித்தார். பிடுங்கிய பல்லைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்திருந்தார். வேர் முறியாமல் வந்திருக்கிறது. நிஷாவின் கை சுத்தம்.

என் மனதில் இருப்பதை அவரிடம் சொன்னேன்: நான் ஒன்றுமே செய்யவில்லை, எல்லாரும் என்னைச் சுற்றி வேலை செய்தார்கள்.

"என்ன டாக்டர் பேசுதீங்க? சொன்னீங்கள்லா" என்றார்.

அவர் போன பிறகும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

மறுபடி வலி. இம்முறை வலது பக்கம், மேலே. மதியம் இரண்டு மணி, உலகம்மாள் தூங்கிக்கொண்டிருந்தாள். பத்து நிமிடம் பார்க்கலாம் என்று நினைத்தேன். இரண்டு நிமிடம் பார்த்தேன். பிறகு எழுப்பினேன்.

"திடுதிப்புன்னு எழுப்புதீங்க? என்ன?"

"வலிக்கிறது. தாடை."

"பல்லா நெஞ்சா?"

"தெரியலை" என்றேன். என் தொழிலில் இருப்பவன் சொல்லக் கூச்சப்பட வேண்டிய சொல் அது.

சேலையைக்கூடச் சரிசெய்யாமல் ஆட்டோவைப் பிடித்தாள். ஈசிஜி எடுத்தார்கள், இரத்தம் எடுத்தார்கள், மூன்று மணி நேரம் வைத்திருந்து மறுபடி எடுத்தார்கள். இதய டாக்டர் வந்து, "நெஞ்சு நல்லா இருக்கு சார். இது உங்க டிபார்ட்மெண்ட்" என்றார். உலகம்மாள் என் தோளில் ஓர் அடி அடித்தாள். பிறகு கையை அங்கேயே வைத்துக்கொண்டாள்.

அங்கிருந்தே கிளினிக்குக்குப் போனோம். படியில் ஆறு மணிக்கு வெளிச்சம் இருந்தது. மெல்ல ஏறினேன், வலி ஏறவில்லை. போன் செய்ததும் நிஷா வந்துவிட்டார். மேல் கடைவாய்ப்பல்லில் ஆழமான சொத்தை. பழைய அடைப்புக்கு அடியில் வருடக்கணக்காக இருந்திருக்கிறது. பிடுங்க வேண்டாம், இரத்தம் உறையாமலிருக்கப் போடும் மாத்திரையை நிறுத்தக் கூடாது, வேர் சிகிச்சை செய்தால் போதும் என்று இதய டாக்டரிடம் பேசி முடிவு செய்தார்.

நாற்காலியில் சாய்ந்தேன். ஜூலையில் சாய்ந்தபோது மேலே எதையும் பார்க்கவில்லை. ஆகவே இதுதான் முதல் முறை. அங்கிருந்து பார்த்தால் விளக்கு மிகப் பெரியது. கூரையில் ஒரு விரிசல் இருக்கிறது. நாற்பத்து மூன்று வருடமாக எல்லாரும் அதைப் பார்த்திருப்பார்கள், ஒருவரும் சொல்லவில்லை. உலகம்மாள் சுவரோரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். ஜெசிந்தா என் விரலில் கருவியை மாட்டிவிட்டு, முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். நிஷா ஊசியைத் தன் கைக்குப் பின்னால் மறைத்து எடுத்தார். நானும் அப்படித்தான் மறைப்பேன். மறைத்தாலும் தெரிகிறது.

"எப்பிடி இருக்கு டாக்டர்?" என்றாள் ஜெசிந்தா.

வழக்கமான பதில் நாக்கு நுனிவரை வந்தது.

"பயமா இருக்கு" என்றேன்.

நிஷா கையை இறக்கினார். உலகம்மாள் ஸ்டூலை இழுத்து வந்து என் கால்மாட்டில் போட்டு உட்கார்ந்தாள். "இருக்கட்டும். மெதுவா" என்றாள், அந்தத் தட்டையான, அவசரமில்லாத குரலில். யாரும் கடிகாரம் பார்க்கவில்லை. மூன்று பெண்கள் எனக்காகக் காத்திருந்தார்கள்.

பிறகு நானே வாயைத் திறந்தேன்.